அசையாத பேனல்

உக்காருங்க தம்பி. தைரியமா உக்காருங்க, இந்தப் பெஞ்சு அசையாது. அந்த ஓட்டைக்குள்ள மட்டும் விரல விட்டுறாதீங்க, ஓரம் கூரா இருக்கும். பெஞ்சுக்கு எதுக்கு வட்ட வட்டமா ஓட்டைன்னுதானே பாக்கறீங்க? அதுக்கும் வர்றேன், பொறுங்க.

இந்த வேலியோரமா வண்டிய நிறுத்திட்டு மேல பாக்கறவங்க எல்லாருமே இதத்தான் கேக்கறாங்க. ட்ரோனுங்களா, மிலிட்டரிக்காரங்களுதான்னு. ரெண்டும் இல்லீங்க. அது என்ற பிளேனு. நானே ஷெட்டுல வச்சுச் செஞ்சது. எஞ்சினும் மீட்டரும் மட்டும் வாங்கினது, மத்ததெல்லாம் பிளான் வாங்கி அதப் பார்த்துப் பார்த்துச் செஞ்சது. உள்ள உக்காந்து ஓட்டிட்டு இருக்கறது என்ற வீட்டுக்காரி, கோகிலாமணி. ஆமாங்க, பொம்பளைதான். அம்பத்தாறு வயசு. அப்ப நீங்க எதுக்குக் கீழ உக்காந்திருக்கறீங்கன்னு அடுத்ததாக் கேப்பீங்க. காத்து எப்படி அடிக்குதுன்னு பாக்கறதுக்குக் கீழயும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா.

என்ற பேரு மயில்சாமி. கோயமுத்தூர்ல கிரைண்டர் மயில்சாமின்னா தெரியும். தெரியாதுங்களா? சரி, உங்க வயசுக்காரங்க மாவ பாக்கெட்டா வாங்கறீங்க, எப்படித் தெரியும். எங்க கம்பெனி கிரைண்டர ரெண்டு ஆளு பிடிச்சாத்தான் தூக்க முடியும். ஒருக்கா மாடியில இருந்து ஒண்ணு விழுந்து, தரைதான் உடைஞ்சுது, கிரைண்டர் ஓடுச்சு. அதையே விளம்பரமாப் போட்டோம். எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒரு சாமானத் தொட்டா அது கனக்கும். அது என்ற கைராசி. கிரைண்டருக்கு நல்ல ராசிதான்.

பையன் கம்பெனியப் பாத்துக்கறேன்னு வந்ததும் என்னை மரியாதையா வீட்டுக்கு அனுப்பிட்டான். அப்பா நீங்க ரெஸ்ட் எடுங்கன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சமயத்துலதான் எங்க சங்கத்துக் கூட்டம் ஒண்ணு வந்துச்சு. சாப்பாடு வர்றதுக்கு லேட்டு, மைக்கு என்ற கையில. பம்பு செய்யறோம், மோட்டார் செய்யறோம், ஒரு ஏரோப்ளேன் நம்மளால செய்ய முடியாதா, நான் செஞ்சு காட்டறேன்னு சொல்லிப்போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. கை தட்டினதுக்கு அப்புறம் வாபஸ் வாங்க முடியுங்களா?

வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொன்னேன். கிறுக்குப் பிடிச்சிருக்குதான்னு கேப்பான்னு நினைச்சேன். அவ பருப்பக் கடைஞ்சுக்கிட்டே, "செய்யறதுதான் செய்யறீங்க, ரெண்டு சீட்டு வச்சதாச் செய்யுங்க"ன்னா. அவ்வளவுதான். கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ என்கிட்ட வாய் திறந்து கேட்டது அது ஒண்ணுதானுங்க.

அதுக்கு ஒரு காரணம் இருக்குது. எங்க கார்ல முன் சீட்டுல அவ உக்காந்ததே இல்லை. அதுல எப்பவும் சாம்பிள் கிரைண்டர் இருக்கும், பெல்ட்டெல்லாம் போட்டு. குலதெய்வம் கோயிலுக்குப் போனாலும் சரி, பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனாலும் சரி, அவ பின்னாடிதான். வழியில எந்த டீலர் சிக்குவான்னு தெரியாதில்லீங்களா. அவளும் ஒண்ணும் சொன்னதில்லை. நானும் அதப் பெரிசா நினைச்சதில்லை.

சரின்னு ரெண்டு சீட்டு பிளானாவே வாங்கிட்டேன். பக்கத்துல பக்கத்துல உக்கார்ற மாதிரி. எறக்கை, உடம்பு, வாலு எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது, அதனால பிளான்ல என்ன போட்டிருக்குதோ அப்படியே செஞ்சேன். தெரியாத வரைக்கும் ஒரு தப்பும் வரல. மீட்டர் பேனலுக்கு வந்தப்பத்தான் எனக்குத் தெரிஞ்ச வேலை வந்துருச்சு. அங்க பிடிச்சுது சனி.

மீட்டர் பேனல்னா கார்ல டேஷ்போர்டு இருக்குதில்லீங்களா, அது மாதிரிதான். வேகம் காட்டறது, உயரம் காட்டறது, எஞ்சின் சூடு, ஆயிலுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வட்ட மீட்டர். தகட்டுல ஓட்டை போட்டு அதுகள வரிசையா மாட்டணும். பிளான்காரன் மெல்லிசா ஒரு அலுமினியத் தகடு போடச் சொல்லியிருந்தான். பின்னாடி தாங்கலுக்கு மடிச்ச பட்டை ஒண்ணு, மூலைக்கு மூலை ரப்பர் புஷ். தகட்டக் கையில பிடிச்சுப் பார்த்தேன். அப்பளம் தேவலைன்னு இருந்துச்சு. இதுல போய் ரப்பரு வேறயான்னு பட்டையும் வேண்டாம் புஷ்ஷும் வேண்டாம்னு விட்டுட்டு, நேரா போல்ட்டப் போட்டு இறுக்கினேன்.

எஞ்சினப் போட்டேன். எல்லா முள்ளும் சாமி வந்த மாதிரி ஆடுச்சு. உயரம் காட்டற மீட்டர் ஷெட்டுக்குள்ளயே ஏறுது எறங்குது. எனக்கு ஒரே சந்தோசம், ஏன்னா நான் சொன்னது சரியாப் போச்சு. தகடு பத்தாது.

ரெண்டு மடங்கு கனத்துல வேற தகடு போட்டேன். ஆடுச்சு. பின்னாடி இரும்பு ஆங்கிள் குடுத்தேன். ஆடுச்சு. ஆங்கிளுக்குக் குறுக்க இன்னொரு ஆங்கிள் வச்சு, அதையெல்லாம் கொண்டுபோய் எஞ்சினுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தடுப்புத் தகட்டுல வெல்டிங் வச்சுப் பிடிச்சேன். இப்பத் தம்பி, நீங்க அந்தப் பேனலப் பிடிச்சு ஊஞ்சலாடலாம், அசையாது. ஆனா முள்ளு முன்னைவிட ஜாஸ்தியா ஆடுச்சு. ஏன்னு இப்பத் தெரியும். எஞ்சினோட அதிர்வு எல்லாத்தையும் நானே பாலம் கட்டி மீட்டருக்குக் கூட்டிட்டு வந்திருக்கறேன். அந்த ரப்பர் இருந்தது அதத் தடுக்கறதுக்குத்தானாம். அன்னைக்கு யாரு யோசிச்சா. இன்னும் பத்தலைன்னு நினைச்சு மூலைக்கெல்லாம் முக்கோணத் தகடு வெட்டி வச்சேன். மேல தேக்குப் பலகை ஒட்டினேன், பாக்க லட்சணமா இருக்கட்டுமேன்னு.

இதுக்கு நடுவுல பறக்கறதுக்குக் கத்துக்கணுமில்லீங்களா. பிளேன் செஞ்சவன் ஓட்டத் தெரியாமப் போனா ஊர் சிரிக்கும். இங்கிருந்து கொஞ்ச தூரத்துல ஒரு கிளப்புல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்தே பேரு குடுத்தேன். அங்க சொல்லிக் குடுக்கறவரு கேப்டன் ஆரோக்கியம், தூத்துக்குடிக்காரரு, ஒல்லியா இருப்பாரு, அதிர்ந்து பேச மாட்டாரு. முதல் நாள் என்னை ஏத்திட்டுப் போனாரு. அன்னைக்குக் காலைல சாப்பிட்ட வெண்பொங்கல் சரியில்லைங்க. நெய்யில ஏதோ கோளாறு. எறங்கி வந்து அரை மணி நேரம் அங்க இருந்த வேப்பமரத்தப் பிடிச்சுட்டு நின்னேன். கோகிலாவும் அதே பொங்கலத்தான் சாப்பிட்டிருந்தா, அவளுக்கு ஒண்ணும் ஆகல. சில பேருக்கு வயிறு அப்படி.

அடுத்த வாரத்துல இருந்து எனக்குப் பேனல் வேலை ஜாஸ்தியாயிருச்சு. நீ போயிட்டு வா அம்மணி, நான் பேனல முடிச்சுட்டு மொத்தமா வந்து கத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அவ சனி ஞாயிறு தவறாமப் போனா. வீட்டுல சும்மா இருக்கறதுக்குப் பொழுதுபோக்கா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஒருநாள் தலையில இருந்து கால் வரைக்கும் தொப்பலா நனைஞ்சு வந்து நின்னா. தை மாசம், வெயில் சுளீர்னு அடிக்குது. எங்க அம்மணி மழைன்னேன். "கிளப்புல மட்டும் பேஞ்சுது"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அன்னைக்கு நல்லாத்தான் இருந்தா, மூஞ்சியே வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு அரம் போடற வேலை இருந்துச்சு, தலையத் துவட்டுன்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டேன். முதல் தடவையாத் தனியா ஓட்டி எறங்கறவங்க தலையில ஒரு பக்கெட் தண்ணி ஊத்தறது பைலட்டுக வழக்கமாம். இத எனக்குக் கேப்டன் பின்னால சொல்லித்தான் தெரியும். ஏன் என்கிட்டச் சொல்லலைன்னு அவகிட்டக் கேட்டேன். ரெண்டு தடவை சொன்னனுங்க, நீங்க கட்டிங் மெஷின் போட்டுட்டு இருந்தீங்கன்னா.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கம்பெனியில லேத்துல இருந்து வாசல் பூட்டு வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்காம விட மாட்டோம். பிளேனுக்கு விட்டுருவனா? எஞ்சினுக்கு, சக்கரத்துக்கு, பேனல்ல ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியா, எல்லாம் என்ற கையாலயே வச்சேன். எறக்கைக்கு அடியில முன்னாடி நீட்டிட்டு ஒரு சின்னக் குழாய் இருந்துச்சு, விரல் மொத்தத்துக்கு. அது என்னமோ மூக்கு மாதிரி அம்சமா இருந்துச்சு. அதுக்கு நுனியில கெட்டியா ஒரு பொட்டு வச்சு, நடுவுல குங்குமம் வச்சு, தள்ளி நின்னு பார்த்து ரசிச்சேன்.

விஜயதசமி கழிச்சு இந்த வேலிக்குள்ள இருக்கற ஓடுதளத்துல வேகமா ஓட்டிப் பார்த்தேன். தரையிலதான், மேல தூக்கல. வேகம் காட்டற முள்ளு அசையவே இல்லை. சுழியத்துலயே நிக்குது. மத்த முள்ளெல்லாம் ஆடுது, ஆட வேண்டியது ஆடல. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். அதிர்வுல மீட்டர் செத்துப்போச்சு, பேனல் இன்னும் பலமா இருந்திருந்தா செத்திருக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன். அடியில ஒரு இரும்புப் பட்டை, கனமானது, கிரைண்டர் ஸ்டாண்டுக்குப் போடறது. வேற மீட்டர் வாங்கி மாட்டினேன். அதுவும் செத்துப்போச்சு. இன்னொரு பட்டை வச்சேன்.

இத்தனை இரும்பு முன்னாடி வச்சா மூக்கு கனக்குமில்லீங்களா. கனத்துச்சு. அதுக்குச் சமமா வால்ல ஈயம் காய்ச்சி ஊத்தி வச்சேன். தராசுத் தட்டு மாதிரி, அந்தப் பக்கம் வச்சா இந்தப் பக்கமும் வைக்கணும். எவ்வளவு எளிசாக் கண்டுபிடிச்சுட்டோம்னு அன்னைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு ரெண்டு தோசை கூடப் போச்சு.

அப்பத்தான் கோகிலா ஷெட்டுக்கு வந்தா. பிளேன ஒரு சுத்துச் சுத்தி வந்தா, வந்தவ நேரா அந்தக் குழாய்க்கு முன்னாடி குனிஞ்சு எட்டிப் பார்த்தா. "இத யாரு அடைச்சது?"ன்னு கேட்டா. அந்தக் குழாய்ல காத்து உள்ள போனாத்தான் வேகம் காட்டற முள்ளு நகருமாம். இத எட்டிப் பாக்காம யாரும் பிளேன்ல ஏறவே மாட்டாங்கன்னு சொல்லி, ஒரு மெல்லிசுக் கம்பிய விட்டுப் பதமாச் சுரண்டி எடுத்தா. காஞ்ச சந்தனம் உருண்டையா விழுந்துச்சு. அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நான் கேக்கணுமா வேண்டாமா? கேக்கல. வீடியோ ஏதாச்சும் பார்த்திருப்பான்னு நினைச்சுட்டேன்.

எல்லாம் முடிஞ்சுது, பறக்க விடறதுக்கு முன்னாடி எடை போட்டுப் பாக்கணும்னு கேப்டன் வந்தாரு. கம்பெனியில இருந்து கிரைண்டர் நிறுக்கற தராசு மூணு கொண்டுவந்து, சக்கரத்துக்கு ஒண்ணா வச்சோம். கேப்டன் எழுதினாரு, கூட்டினாரு, கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி கூட்டினாரு. இந்தப் பிளேனு எல்லாம் சேர்த்து நானூத்தம்பது கிலோவுக்கு மேல தூக்காது. அதுல பிளேனோட எடை போக, பெட்ரோல் போக, என்ற தொண்ணூத்தி நாலு போக, மிச்சம்னு ஒண்ணும் பெரிசா இல்லை.

"சார், ஒருத்தர்தான் ஏறலாம்"னாரு.

இன்னொரு சீட்டுன்னு கேட்டேன். ஒரு பை வச்சுக்கலாம், சின்னப் பையா இருந்தா நல்லதுன்னாரு.

கோகிலா அந்தத் தராசு முள்ளையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் என்கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "கார்ல என்ற எடத்துல கிரைண்டர் உக்காந்துட்டு வந்துச்சு. இங்கயும் என்ற எடைக்கு இரும்ப வச்சுட்டீங்க."

உன்ற பத்திரத்துக்குத்தான் அம்மணி இத்தனையும் பண்ணினேன்னேன். நிஜமாவே அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தனுங்க.

"பத்திரம் வேண்டாம்னு நான் சொல்லல. உங்க பக்கத்துல உக்காரணும்னு சொன்னேன். உங்களுக்குப் பயமுன்னா பயமுன்னு வாயத் திறந்து சொல்லுங்க, இரும்ப வச்சுச் சொல்லாதீங்க"ன்னா.

கேப்டன் பாவம், போன் வந்த மாதிரி காதுல வச்சுட்டு வெளிய போயிட்டாரு. எனக்கா பயம், மாடியில இருந்து கிரைண்டரப் போட்டவன் நானுன்னு என்னென்னமோ சொன்னேன். விழுந்தது கிரைண்டர்தான், நான் இல்லைங்கறது அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு. போன் பேசி முடிச்சுட்டு வந்த கேப்டன், மேடமுக்குத்தான் லைசென்ஸ் வந்தாச்சே, பேனல எளைக்க வச்சா அவங்க ஓட்ட நீங்க பக்கத்துல உக்காரலாமேன்னு சொன்னாரு. லைசென்ஸான்னு நான் கேட்டேன் பாருங்க, அந்த மனுசன் அதுக்கப்புறம் என் மூஞ்சியவே பாக்கல.

அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. மறுநாள் காலைல கட்டிங் மெஷின எடுத்துட்டுப் போனேன். நான் வச்ச வெல்டிங்க நானே அறுத்தேன். அதுக்கு நாலு நாள் ஆச்சு, அவ்வளவு நல்ல வெல்டிங். கோகிலா கூட நின்னு டார்ச் பிடிச்சா. ஒரு வார்த்தை குத்திக் காட்டல, அதுதான் தாங்க முடியல. வெளிய எடுத்த பேனலத் தூக்கறதுக்கு ரெண்டு ஆளு வேண்டியதாப் போச்சு. வீசறதுக்கு மனசு வரல. நாலு கால் வச்சு இங்க கொண்டாந்து போட்டுட்டேன். ஆமாங்க, நாம உக்காந்திருக்கறது அதுதான். அந்த ஓட்டை உயரம் காட்டற மீட்டரு, உங்க தொடைக்குக் கீழ இருக்கறது ஆயிலு. சொன்னனில்லீங்களா, அசையாதுன்னு.

பிளான்காரன் சொன்ன அந்த அப்பளத் தகட்டையே வெட்டி, பின்னாடி மடிச்ச பட்டை குடுத்து, மூலைக்கு மூலை ரப்பர் புஷ் வச்சு மாட்டினேன். ஒரு கையில தூக்கிட்டுப் போனேன். வால்ல இருந்த ஈயத்தையும் உருக்கி எடுத்தாச்சு. எஞ்சினப் போட்டா ஒரு முள்ளு ஆடல. அத்தனையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி கையக் கட்டிட்டு நிக்குது. எனக்கு வெக்கமாப் போச்சு.

முதல்ல கேப்டன் மேல கொண்டுபோய்ப் பார்த்தாரு. அப்புறம் அவ. புதுப் பிளேனுன்னா இத்தனை மணி நேரம் ஒருத்தரே ஓட்டி முடிக்கணும், அதுக்கப்புறந்தான் ரெண்டாவது ஆள ஏத்தணும்னு ஒரு கணக்கு இருக்குது. அது நேத்தோட முடிஞ்சுது. இப்ப அவ ஒரு சுத்துச் சுத்திட்டு வர்றது சும்மா இன்னைக்குக் காத்தப் பாக்கறதுக்கு. அடுத்தது நான். உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லாமக் கதைய இழுத்துட்டு இருந்தேன். காலைல இருந்து மேகமா இருக்குதுன்னேன், ராகு காலமுன்னேன். இன்னைக்கு அது சாயந்திரந்தான்னு காலண்டரக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

அதோ, எறங்கிட்டா. பார்த்தீங்களா, ஒரு தட்டுத் தட்டாம எறக்கறா. அவகூட முப்பது வருசத்துக்கு மேல குடித்தனம் பண்ணியிருக்கறேன், இந்தக் கை இவளுக்கு இருக்குதுன்னு எனக்குத் தெரியல பாருங்க.

உங்க எடை என்னங்க இருக்கும்? அறுபத்தஞ்சு? சும்மா கேட்டேன். நல்ல அளவான எடை. நீங்க வேணும்னா ஒரு சுத்துப் போயிட்டு... வேண்டாங்களா. சரி, சரி, கட்டாயம் இல்லை.

எஞ்சின நிறுத்திட்டா. கூப்பிடறாளா? கூப்பிடல. கூப்பிட்டா ஏதாச்சும் ஒரு சாக்குச் சொல்லிரலாம். அந்தப் பக்கத்துக் கதவத் திறந்து வச்சு, துண்ட எடுத்துச் சீட்டத் தொடைச்சுட்டு இருக்கறா. அதுல ஒரு தூசி கூடக் கெடையாது, காலைல நானே தொடைச்சது.

பயமாத்தானுங்க இருக்குது. அந்த வெண்பொங்கல்ல ஒரு குத்தமும் இல்லை. நெய்யும் நல்ல நெய்தான். ஆனா எனக்கு ஏதாச்சும் ஆயிருமுன்னு பயந்தது பாதிதான் தம்பி. இந்தப் பிளேன்ல அவ மேல போன ஒவ்வொரு தடவையும் நான் இந்த எடத்துல நின்னு பார்த்துட்டேதான் இருந்தேன். இப்ப உங்ககிட்டப் பேசறப்பக்கூட உங்க மூஞ்சியப் பார்த்தனான்னு யோசிச்சுப் பாருங்க. நான் பாக்காம விட்டா அவ விழுந்துருவாளோன்னு மனசு அடிச்சுக்கும். தும்மல் வந்தாலும் அடக்கிக்குவேன். இப்ப நானும் மேல போயிட்டா, கீழ இருந்து பாக்கறதுக்கு யாரு இருக்கறா? கேப்டன் இருக்கறாரு, ஆனா அவருக்கு இது தினமும் பாக்கற வேலை, நடுவுல டீ குடிக்கப் போயிருவாரு.

உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லீங்களே? ஒரே ஒரு சுத்துதான், பத்து நிமிசம் ஆகாது. நீங்க இங்கயே உக்காந்திருங்க. போன் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். போயிட்டு வர்றனுங்க. நாங்க ரெண்டு பேரும் தரையத் தொடற வரைக்கும் கண்ண மட்டும் எடுத்துறாதீங்க தம்பி.